முளையிலே தெரியாத நஞ்சு

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. பிள்ளைகளின் இயல்பைச் சுட்டுதற்கே இன்று நாம் இதனைப் பெரிதும் வழங்குகின்றோமாயினும், இது பிறந்த இடம் வயலேயாகும். நாற்றுமேடையின் வரம்பில் நின்று, முளையின் நிறத்தையும் நிமிர்வையும் நோக்கி, அவ்வாண்டு விளைவை மதிப்பிட்ட கமக்காரன் எவனோ உரைத்த பட்டறிவு மொழி இது.

ஆயின், இம்மொழி எக்காலத்தும் மெய்யாகுமா? மண்ணிலே நஞ்சு கலந்திருப்பின், அதனையும் முளை நமக்குக் காட்டிக் கொடுக்குமா? இவ்வினாவுக்கு யப்பான் நாட்டின் இரண்டு ஆறுகள் இருவேறு விடைகளைத் தந்துள்ளன. ஓர் ஆற்றங்கரையில் இளம்பயிர் வாய்விட்டு அலறியது. மற்றையதில், பசுமையாய் வளர்ந்து, கதிர் முற்றி, நஞ்சை மணிக்குள் ஒளித்துக்கொண்டு மனிதரின் உணவுக் கலத்தை அடைந்தது. சோறுண்ணும் மக்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய கதை இது.

பார உலோகங்கள்

செம்பு, நாகம், ஈயம், கட்மியம், இரசம், நிக்கல் முதலியவற்றைப் பார உலோகங்கள் என்று கூறுவர். இவை யாவும் ஒரு தன்மையன அல்ல. செம்பும் நாகமும் பயிருக்கு வேண்டியவையே. ஆனால் மிகமிகச் சிறிதளவே வேண்டும். உணவுக்கு உப்புப் போல என்று கொள்ளலாம். அளவு மிஞ்சினால் அவையே நஞ்சாகும். ஈயம், கட்மியம், இரசம் என்பவற்றாலோ நெல்லுக்கு யாதொரு பயனும் இல்லை. அழையாத விருந்தினராகவே அவை பயிருக்குள் நுழைகின்றன.

இவற்றிடத்து இன்னொரு கொடுமையும் உண்டு. குப்பை மக்கும், எண்ணெய்க் கழிவும் காலப்போக்கில் நுண்ணுயிர்களாற் சிதையும். உலோகமோ மக்குவதுமில்லை, சிதைவதுமில்லை. பாட்டன் காலத்தில் வயலிற் படிந்த செம்பு பேரன் காலத்திலும் அவ்வயலிலேயே கிடக்கும்.

முளையினுள் நிகழ்வது யாது?

மாணாக்கர்கள் தம் விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையிற் செய்து பார்க்கத்தக்க ஓர் எளிய சோதனையைக் கூறுவோம். ஓரிரவு ஊறிய நெல்லில் இருபது மணிகளை எடுத்து ஒரு தட்டில் ஈரத்துணியின்மேற் பரப்புக. இன்னும் இருபதை மற்றொரு தட்டிற் பரப்புக. முதல் தட்டுக்கு நல்ல நீர் தெளித்து வருக. இரண்டாவதற்கு, ஒரு லீற்றர் நீரில் அரிசி மணியளவு துரிசைக் கரைத்து, அந்நீரைத் தெளித்து வருக. மயில்துத்தம் என்று நாம் வழங்கும் நீலநிறத் துரிசு, செம்பின் சேர்வையாகும்.

மூன்றாம் நாள் நோக்குவோர் ஏமாற்றமே அடைவர். இரண்டு தட்டுகளிலும் நெல் முளைத்திருக்கும். ஏனெனில், விதை முளைத்தற்கு வேண்டிய உணவைத் தாய்ப்பயிர் மணிக்குள்ளேயே கட்டிக் கொடுத்து அனுப்பியுள்ளது. அக்கட்டுச்சோறு தீரும்வரை முளை வெளியுலகை அதிகம் எதிர்பார்ப்பதில்லை. உமியும் விதையுறையும் நஞ்சை ஓரளவு தடுத்து நிற்கும்.

ஒரு வாரம் கழிந்தபின் நோக்குக. இப்பொழுது வேறுபாடு வெளிப்படும். நல்ல நீர் உண்ட முளையின் வேர்கள் வெண்ணிறமாய், நீண்டு, மென்மயிர் போர்த்தியிருக்கும். செப்பு நீர் உண்டவற்றின் வேர்களோ குறுகித் தடித்துப் பழுப்பேறி, கிளைக்க மாட்டாமல் நிற்கும். இலையினும் வேரே முதலில் வருந்துகின்றது; நஞ்சுடன் நேரே பொருதுவது அதுவன்றோ! வேர்நுனியிலுள்ள இளங்கலங்கள் இடையறாது பிரிந்து நீள்வதனாலேயே வேர் வளர்கின்றது. மிகையான செம்பு அக்கலங்களின் மென்சவ்வைச் சிதைத்து, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துகின்றது. வேர் குன்றினால் நீரும் குன்றும். இரும்பு முதலிய சத்துக்களும் மேலேறா. இரும்பு எட்டாத இளந்தளிரிற் பச்சையம் குறைய, அது வெளிறி மஞ்சளாகும். இலையில் நாம் காணும் மஞ்சள், வேர் பல நாட்களுக்கு முன்னரே எழுதியனுப்பிய முறைப்பாட்டின் பிரதியேயாகும்.

(துரிசு உட்கொண்டால் நஞ்சாகும். ஆதலின் உண்கலங்களை இச்சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. எஞ்சிய நீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்றாது ஆசிரியரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.)

செம்பு உரைத்த செய்தி

நாம் தட்டிற் கண்டதை ஒரு நாட்டு மக்கள் பல்லாயிரம் வயல்களிற் கண்டனர். யப்பானில் தோச்சிகி மாகாணத்து மலைகளிடையே அஷியோ என்னும் செப்புச் சுரங்கம் இருந்தது. 1877ஆம் ஆண்டில் அதனை வாங்கிய தொழிலதிபர் புதிய எந்திரங்களை நிறுவ, சில ஆண்டுகளுக்குள் அது அந்நாட்டின் முதன்மையான செப்புச் சுரங்கமாயிற்று. உருக்காலையிலிருந்து எழுந்த கந்தகப் புகை சூழவிருந்த மலைகளை மொட்டையாக்கியது. மரமில்லா மலை மழைநீரைத் தாங்குமா? சுரங்கக் கழிவையும் மண்ணையும் வாரிக்கொண்டு வதராசே ஆற்றிலே வெள்ளம் பாய்ந்தது.

முன்னைய காலத்தில் அவ்வாற்றங்கரைக் கமக்காரர் வெள்ளத்தை முற்றாக வெறுத்தவரல்லர். வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் வண்டல் வயலுக்கு உரமாயிற்று. நம் ஊர்களிற் குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு இடுவதை இங்கு நினைவு கூரலாம். ஆனால் 1890ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் உரமன்று, செம்பு. நெல்லும் வாற்கோதுமையும் குன்றின, வேர்கள் பழுதுற்றன. விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த கோசாய் யொஷினாவோ என்னும் விஞ்ஞானி அம்மண்ணை ஆராய்ந்து, செப்புச் சேர்வைகளே இக்கேட்டுக்குக் காரணம் என 1891இல் அறிவித்தார். 1896இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது, கேடு பன்மடங்காயிற்று.

அம்மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினரான தனாக்கா சோசோ என்பார் 1891 முதல் சபையிலே இதனை எடுத்துரைத்தார். ஆண்டுகள் பல கழிந்தும் பயன் விளையாமை கண்டு, 1901இல் தம் பதவியைத் துறந்து, அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் தேதி பேரரசரின் வண்டியை வீதியில் மறித்து, மனுவொன்றைக் கையிலேந்தி ஓடினார். பேரரசரை நேரே அணுகுதல் அக்காலத்தில் உயிரையே பணயம் வைக்கும் செயலாகும். காவலர் அவரைத் தடுத்தனர். மனு பேரரசரைச் சேரவில்லை. ஆனால் நாடு முழுவதையும் சேர்ந்தது. வெள்ளத்தைத் தேக்கி வைத்தற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட யனாக்கா என்னும் கிராமத்தில் எஞ்சியிருந்த வீடுகளை 1907இல் அரசு இடித்துத் தள்ளிற்று. தனாக்கா சோசோ அக்கிராமத்து மக்களுடனேயே வாழ்ந்து 1913இல் மறைந்தார்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இத்துணைப் போராட்டத்துக்கும் முதற்சாட்சி யார்? குன்றிய பயிரே. பயிர் கெட்டதாற் கமக்காரர் விழித்தனர், விழித்ததாற் போராடினர். அச்சாட்சிக்கு அரசு செவிசாய்த்ததா என்பது வேறு வினா, சாட்சி பொய்க்கவில்லை.

ஒரே வயலில் இரு நஞ்சு

நூற்றாண்டு பாதி கடந்தது. 1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நாற்று வளர்ந்து நடுகைக்கு வயல் ஆயத்தமாகும் வேளையில், அஷியோவிற் சுரங்கக் கழிவு குவிக்கப்பட்டிருந்த அணையொன்று உடைந்து வதராசே ஆற்றுட் சரிந்தது. கீழே பல்லாயிரம் ஏக்கர் வயல்கள் மீண்டும் நஞ்சுண்டன. மொரிதா என்னும் ஊர்க் கமக்காரர் ஒன்று திரண்டு தம் பாட்டன்மாரின் வழக்கைப் புதுப்பித்தனர். 1974இல் சுரங்க நிறுவனம் அவர்களுக்கு நட்டஈடு செலுத்த இணங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அஷியோச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது.

ஆனால் அதற்கிடையில், 1971இல், எவரும் எதிர்பாராத செய்தியொன்று வெளிவந்தது. மொரிதாவில் விளைந்த அரிசியைச் சோதித்தபோது அதிற் கட்மியம் காணப்பட்டது. செம்பின் கேட்டை அவ்வூரார் மூன்று தலைமுறையாக அறிவர். அதனைப் பயிரே அவர்களுக்குச் சொல்லியது. கட்மியத்தைப் பற்றிப் பயிர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரே வயல், ஒரே நாற்று. ஒரு நஞ்சை உரைத்தது, மற்றதை மறைத்தது. கட்மியத்தைத் தேட வேண்டும் என்னும் எண்ணம் அங்கு பிறந்ததும், வேறோர் ஆற்றங்கரையில் மக்கள் தம் உடம்பால் அதற்கு விலை கொடுத்த பின்னரேயாகும்.

ஜின்சூ ஆற்றின் துயரம்

யப்பானின் மேற்குக் கரையிலுள்ள தொயாமா மாகாணத்தினூடே ஜின்சூ ஆறு பாய்கின்றது. அதன் தலைப்பகுதியில் கமியோக்கா என்னும் நாகச் சுரங்கம் இருந்தது. நாகத்தின் தாதுவிற் கட்மியமும் இயற்கையாகவே சேர்ந்திருக்கும். நாகத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சியது ஆற்றுக்குச் சென்றது. ஆற்றுநீர் வாய்க்கால் வழியே வயலுக்குச் சென்றது. நீர் நுழையும் மடைவாய்களின் அருகே நெல் குன்றுவதைக் கண்டு அங்குள்ள கமக்காரரும் முறையிட்டதுண்டு. ஆயினும் வயலின் ஏனைய பகுதிகளிற் பயிர் நன்றாகவே நின்றது. நாற்று வேரூன்றியது, கதிர் சாய்ந்தது, அரிசி வெண்மையாய் இருந்தது, சோறும் சுவையாகவே இருந்தது.

பின்னர் அவ்வூர்ப் பெண்களை ஒரு நோய் பற்றியது. நடுவயதைக் கடந்த, பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரே பெரிதும் வருந்தினர். முதலில் இடுப்பிலும் முழங்காலிலும் நோவு. பின்னர் நடை தள்ளாடிற்று. ஈற்றில் எலும்புகள் மென்மையுற்று, இருமினாலும் விலா எலும்பு முறியும் நிலை வந்தது. அவர்கள் இரவும் பகலும் "இத்தாய், இத்தாய்" என்று அரற்றினர். "நோகிறதே, நோகிறதே" என்பது அதன் பொருள். 1955 முதல் அந்நோய்க்கு அவ்வரற்றலே பெயராயிற்று. வேறெந்த நோய்க்கும் இத்துணைத் துயரமான பெயர் இடப்பட்டிருக்குமோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

அவ்வூர் மருத்துவரான ஹகினோ நொபோரு என்பார், போரிலிருந்து 1946இல் மீண்டு, தம் குடும்ப மருத்துவமனையில் இந்நோயாளரை இடைவிடாது கவனித்து வந்தார். நோயாளர் யாவரும் ஜின்சூ நீர் பாயும் நிலப்பரப்பினரேயாதலைக் கண்டு, சுரங்கத்தின் மீது ஐயங்கொண்டார். பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. முன்னர் அவ்வாற்றங்கரைப் பயிர்க்கேட்டை ஆராய்ந்திருந்த கொபயாஷி ஜுன் என்னும் விஞ்ஞானி அவருக்குத் துணையானார். பயிரைப் பார்த்த கண்ணும் நோயாளியைப் பார்த்த கண்ணும் ஒன்றுபட்டபோதே உண்மை புலனாயிற்று. 1961இல் கட்மியமே காரணமென அவர்கள் அறிவித்தனர். 1968 மே மாதத்தில் அரசு அதனை ஏற்றது. அவ்வாண்டு நோயாளரும் குடும்பத்தாரும் தொடுத்த வழக்கில் 1971இலும், மேன்முறையீட்டில் 1972இலும் அவர்களே வென்றனர். காலப்போக்கில் ஏறத்தாழ இருநூறு பேர் இந்நோயாளர் என அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

கட்மியம் உடம்பிற் செய்வது இதுவே: உணவு வழியாய் நுழைந்து சிறுநீரகத்திற் தங்குகின்றது. புகுந்ததிற் பாதி வெளியேறப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை செல்லும். சிறுநீரகம் பழுதுற, எலும்புக்கு உரிய சத்துக்கள் சிறுநீருடன் வீணாகின்றன. பிள்ளைப்பேற்றால் இரும்பும் கல்சியமும் குறைந்த தாய்மாரின் உடம்பு கட்மியத்தை இன்னும் எளிதாக ஏற்றுக்கொள்கின்றது. குடும்பத்துக்காகத் தம் உடம்பைத் தேய்த்தவரையே அது முதலில் வருத்துகின்றது.

நாற்று ஏன் வாய் திறக்கவில்லை?

அளவு மிக உயர்ந்தால் கட்மியமும் இளம்பயிரைக் கொல்லும், வேரைக் குறுக்கும், இலையை வெளிறச் செய்யும். ஆனால் மனிதனுக்குக் கேடு விளைக்கும் அளவு, நெல்லுக்குக் கேடு விளைக்கும் அளவினும் மிகத் தாழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் ஆபத்து ஒளிந்துள்ளது. அவ்வெளியிற் பயிர் செழிக்கும், மனிதன் நோவான்.

இது எவ்வழியால் நுழைகின்றது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். நெல்லுக்கு மங்கனீசு என்னும் உலோகம் சிறிது வேண்டும். அதனை உள்ளே கொணர வேரின் கலங்களில் ஒருவகைப் புரத வாயில் உண்டு. அவ்வாயிலே கட்மியத்தையும் வேறுபாடின்றி உள்ளே விடுகின்றது என்பது 2012இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. வாயிற்காவலன் ஆளறியாமற் கள்வனுக்கும் கதவு திறந்ததை ஒத்தது இது. நுழைந்த கட்மியத்தில் ஒரு பகுதியை வேர் தன் கலங்களுக்குள்ளேயே சிறைப்படுத்துகின்றது. எஞ்சியது தண்டேறி மணியை அடைகின்றது.

வயல் நீருக்கும் இதிற் பங்குண்டு. நீர் நிறைந்து நிற்கும் வயலிற் கட்மியம் கந்தகத்துடன் கூடிக் கரையாத சேர்வையாகிச் சேற்றில் அடங்கிக் கிடக்கும். நீரை வடித்து மண்ணைக் காயவிட்டால் அது மீண்டும் கரைந்து வேரை நாடும். ஆதலின் யப்பானியக் கமக்காரர், ஐயத்துக்குரிய வயல்களிற் கதிர் வரும் காலத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் நீர் வற்றாது காக்கின்றனர். ஆனால் இங்கும் ஒரு சிக்கல்: நீர் தேங்கிய மண்ணில் ஆசனிக்கு என்னும் பாடாணம் கரைந்து நெல்லுக்குட் செல்லும். ஒன்றை அடக்க மற்றொன்று எழுகின்றது. மண்ணைக் கெடுத்தல் எளிது, திருத்தல் அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

மண்ணை மீட்ட வரலாறு

1970இல் யப்பான், வயல் மண் மாசடைதலைத் தடுக்கும் சட்டமொன்றை இயற்றியது. தவிடு நீக்காத அரிசியில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் கட்மியத்துக்கு மேல் இருத்தலாகாது என வரையறுக்கப்பட்டது. 2011இல் இவ்வெல்லை 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. உணவுப் பொருள்களுக்குச் சர்வதேச அளவு வகுக்கும் சபையும் தீட்டிய அரிசிக்கு இதே எல்லையை வகுத்துள்ளது.

ஜின்சூ ஆற்றங்கரையில் ஏறத்தாழ 860 ஹெக்டேயர், அஃதாவது 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், நஞ்சுண்ட மேல்மண்ணைக் கீழே புதைத்து, அதன்மேல் நல்ல மண்ணைக் கொணர்ந்து பரப்பினர். 1979இல் தொடங்கிய அப்பணி 2012இலேயே நிறைவுற்றது. வயல்களை மீண்டும் வயல்களாக்க முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன! தொடங்கியபோது பிறந்த குழந்தை, முடிவுற்றபோது பெற்றோராகியிருக்கலாம்.

அண்மைக் காலத்தில் விதையிலேயே வழிகாணவும் முயன்றுள்ளனர். கோஷிஹிக்காரி என்னும் புகழ்பெற்ற நெல்லினத்தின் விதைகளின் மீது காபன் அயன் கதிர்களைச் செலுத்தி, அவற்றின் வழித்தோன்றல்களிடையே தேடி, முன் கூறிய வாயில் அடைபட்ட பயிர்களைத் தெரிந்தெடுத்தனர். மாசுற்ற வயலிலும் அதன் அரிசியிற் கட்மியம் மிக அரிதாகவே சேர்கின்றது. பயிரின் மௌனத்தைக் கலைக்க இயலாவிடினும், கள்வன் நுழையும் கதவை அடைக்க இயன்றுள்ளது.

நமக்குரிய பாடம்

அந்நாட்டுச் சுரங்கங்கள் நமக்கு இல்லையென்று நாம் அமைதி கொள்ளலாகாது. பழுதான மின்கலங்கள் எத்தனை வீடுகளிற் கோடிப்புறத்து மண்ணிற் கிடக்கின்றன! மோட்டார் வாகன மின்கலங்களில் ஈயமும், மீள்மின்னேற்றம் செய்யும் சிலவகை மின்கலங்களிற் கட்மியமும் உள்ளன. அவற்றை உடைப்பதும் எரிப்பதும் கிணற்றருகே வீசுவதும் நம் மண்ணில் நாமே சுரங்கக் கழிவைக் கொட்டுவதாகும். கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்டாத இடத்தில் அவற்றைச் சேர்த்து வைத்து, பழைய மின்கலங்களை ஏற்போரிடம் கொடுத்தலே தகும். பொசுபேற்று உரங்களிலும், அவை பாறையிலிருந்து பெறப்படுவதாற் சிறிதளவு கட்மியம் இருக்கக்கூடும். ஆதலின், மண்ணைச் சோதித்து வேண்டிய அளவே உரமிடுதல் சிக்கனமும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுதலும் இவ்வுலோகங்கள் எளிதிற் கரைந்து வேரை அடையாமற் தடுக்கும்.

பயிரின் முகத்தை நோக்கி மண்ணின் நலத்தை உணர்ந்தவர் நம் முன்னோர். அவ்வறிவை நாம் இகழவில்லை. செம்பு மிகுந்த மண்ணில் வெளிறிய நாற்று, நமக்கு நன்மை செய்யும் நாற்று. அது காலத்தில் எச்சரிக்கின்றது. அஞ்சத்தக்கது, நஞ்சையுண்டும் நகைமுகத்துடன் நிற்கும் நாற்றே. அங்கே கண் மட்டும் போதாது. மண்ணையும் மணியையும் சோதிக்கும் ஆய்வுகூடமும் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கருள் ஒருவரேனும் அவ்வாய்வுகூடத்துக்குச் செல்வாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது மெய். ஆனால், விளைந்த பயிரில் ஒளிந்த நஞ்சு முளையிலே தெரியாது என்பதும் மெய். ஜின்சூ ஆற்றங்கரைத் தாய்மார் தம் எலும்பு முறிய முறியக் கற்றுத் தந்த இவ்விரண்டாம் மெய்யினை, முதலாவதுடன் சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.